செவிமணி சொன்ன கடை

சகலம் என்ற பேரங்காடி திறந்த மூன்றாவது வாரம், கோவில்பட்டியில் யார் எதைக் கேட்டாலும் செவிமணி ஒரே பெயரைத்தான் சொன்னது.

செவிமணி என்பது காதுக்குள் உட்காரும் பட்டாணி அளவுச் சாமான். போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற பழக்கம் ஒழிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. "குக்கருக்கு ரப்பர் வளையம் எங்க கிடைக்கும்?" என்று வாய்விட்டுக் கேட்டால் மணி பதில் சொல்லும். போனில் தேடிய காலத்தில் பத்துக் கடைகள் வரிசையாக வரும். பத்தாவது கடைக்காரருக்கும் ஒரு நப்பாசை இருக்கும். மணியிடம் வரிசை கிடையாது. காதுக்குள் பத்துப் பெயரை ஒப்பித்தால் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? ஒரு பெயர், அவ்வளவுதான். அது உங்கள் பெயராக இல்லாவிட்டால் நீங்கள் கடை திறந்து வைத்திருப்பதும் ஒன்றுதான், பூட்டி வைத்திருப்பதும் ஒன்றுதான்.

ஜெபராணியின் பிழைப்பே அந்த ஒரு பெயரில்தான் இருந்தது. கடைகளின் பெயரைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையைப் பதினான்கு வருடமாகச் செய்துவந்தாள். எட்டயபுரம் சாலையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே ஓர் அறை; இரண்டு திரை; ஒரு மேசை. வாடிக்கையாளர்கள் எல்லாரும் கடைவீதிக்காரர்கள். சகலம் பைபாஸ் ரோட்டில் நான்கு மாடியில், ஊசி முதல் உழவு இயந்திரம் வரை அடுக்கிவைத்துத் திறந்த பிறகு, அவர்கள் நாற்பத்து மூன்று பேரும் வணிகர் சங்கக் கட்டடத்தில் கூடி அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"விளம்பரத்துக்குக் குடுத்தா நம்ம பேரைச் சொல்லாதாம்மா?" என்று கேட்டார் கனகவேல். மோட்டார், மின்சாதனங்கள் விற்றுப் பழுதும் பார்க்கிற கடை அவருடையது. ஐம்பத்து நான்கு வயது. பேசுவதற்கு முன் எதிரே இருப்பவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"அந்தக் காலம் போச்சு அண்ணாச்சி. விளம்பரம், நட்சத்திரம், கருத்து எழுதுறது எல்லாம் வாங்குற சரக்குன்னு சனங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மணி செய்ற கம்பெனிக்காரன் அதையெல்லாம் தூக்கிட்டான். இப்ப அது ஒண்ணே ஒண்ணைத்தான் பாக்குது. சனங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன பேசிக்கிறாங்க. அதை மட்டும்."

"ஒட்டுக் கேக்குதுன்னு சொல்லு."

"சம்மதம்னு நாமதான சொல்லி மாட்டிக்கிட்டோம்."

ஜவுளிக்கடை நல்லதம்பி எழுந்தார். "அப்ப ஆள் வச்சுப் பேசவிட்ருவோம். இதுல என்ன இருக்கு?"

ஜெபராணி வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. கல்லூரிப் பையன்கள் இருபது பேருக்கு ஆளுக்கொரு பிரியாணி வாங்கிக் கொடுத்து, பேருந்து நிலையத்தில் நின்று தன் கடையைப் புகழச் சொன்னார். ஒரே வாரத்தில் அவர் கடையின் சொல்மதிப்பு பாதியாக இறங்கியது. சொல்மதிப்பு என்பது மணி ஒவ்வொரு கடைக்கும் போட்டுவைத்திருக்கிற எண்.

"வாய் என்ன சொல்லுதுன்னு அது பாக்கிறதில்ல அண்ணாச்சி," என்று அவருக்கு விளக்கினாள். "தொண்டை என்ன சொல்லுதுன்னு பாக்குது. மனசுல இல்லாததச் சொன்னா குரல் ஒரு மாதிரி இறுகும். நமக்குக் கேக்காது. அதுக்குக் கேக்கும்."

"அப்ப உண்மையாவே பிடிச்சுப்போய்ப் பேசணுமாக்கும்?"

"ஆமா."

"இக்கட்டுல மாட்டின பொழப்பு," என்றார் நல்லதம்பி.

வழி தற்செயலாகத்தான் தெரிந்தது. அடுப்புக்கடை ஜான்பீட்டரின் பெயர் ஒரு செவ்வாய்க்கிழமை திரையில் திடீரென்று ஏறி நின்றது. என்னவென்று விசாரித்தாள். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பெரிய அடுப்பு அணைந்துபோயிருக்கிறது. அந்தப் பக்கம் போன ஜான்பீட்டர் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். பெண்ணின் அத்தை ஒருத்தி, பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறாள். ஒரு அத்தையின் வாய்ச்சொல், இருபது பிரியாணி செய்யாததைச் செய்திருந்தது.

ஜெபராணிக்குப் பிடிபட்டுவிட்டது. பொருள் வாங்கினவன் நன்றி சொல்ல மாட்டான். சங்கடத்தில் கைகொடுத்தால் சொல்லுவான், தொண்டை தழுதழுக்கச் சொல்லுவான்.

மணிக் கம்பெனி ஒரு பட்டியலை விற்றுவந்தது. எந்தத் தெருவில் இன்று பதற்றமான கேள்விகள் அதிகம் என்பது மட்டும் அதில் இருக்கும். ஆள் பெயர் இருக்காது. அதுவரை அதை யாரும் பெரிதாக வாங்கியதில்லை. ஜெபராணி வாங்கினாள். தினமும் காலை ஏழு மணிக்கு நாற்பத்து மூன்று பேருக்கும் அனுப்பினாள். இன்ன தெருவில் தண்ணீர் மோட்டார் பற்றிய பதற்றம், இன்ன தெருவில் மருந்து, இன்ன தெருவில் இழவு. கடைக்காரர்கள் தற்செயலாக வருவதுபோல் அந்தத் தெருவுக்குப் போனார்கள். நாற்பத்து மூன்று கடைகளையும் 'கடைவீதி' என்ற ஒரே பெயரில் பதிந்திருந்ததால், ஒருவர் வாங்கிய நன்றி எல்லாருக்கும் சேர்ந்தது.

ஆறு மாதத்தில் மணி மறுபடியும் கடைவீதியைச் சொல்ல ஆரம்பித்தது. அந்த ஆறு மாதமும் நல்ல மாதங்கள் என்றுதான் ஜெபராணி நினைத்தாள். முன்பு நிமிர்ந்து பார்க்காத கடைக்காரர்கள்கூட ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து வைத்திருந்தார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒருவர், செத்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே நாற்காலியும் தண்ணீர்க் கேனும் கொண்டுபோய் இறக்கினார். அந்த வீட்டு மருமகள் மட்டும் அவரைப் பார்த்து, "உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாளாம். அவர் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

சகலம் சும்மா இருக்கவில்லை. நீலநிற வேன்கள் முப்பது வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் இரண்டு இளைஞர்கள், ஒரு பெட்டிக் கருவிகள், சிரித்த முகம். மிக்ஸி நின்றதா, வேன் வாசலில் நின்றது. அவ்வளவு சீக்கிரம் எப்படி வருகிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. ஒரே மாதத்தில் கடைவீதியின் எண் சரிந்தது. ஏழு கடைகளில் வேலையாட்களைப் பாதியாகக் குறைத்தார்கள்.

மறுபடியும் சங்கக் கட்டடத்தில் கூட்டம். எல்லாரும் ஜெபராணியையே பார்த்தார்கள். அவளுக்கும் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எதையாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காகச் சொன்னாள்:

"கஷ்டம் வர்ற வரைக்கும் காத்திருந்தா வேன்காரன்தான் முதல்ல போவான். அது எங்க வரப்போகுதுன்னு நமக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்."

பழைய பட்டியல்களை வைத்து முன்கணிப்பது பற்றித்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அதை அவள் விளக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், திரையில் கனகவேலின் கடைக்கு நேரே ஒரு கோடு செங்குத்தாக எழுந்தது. பதினான்கு வருடத்தில் அப்படி ஓர் ஏற்றத்தை அவள் பார்த்ததில்லை. மணியிடமே கேட்டாள், "மோட்டார் ரிப்பேருக்கு எங்க போகலாம்?"

"கடைவீதி, கனகவேல் எலக்ட்ரிகல்ஸ்," என்றது மணி. "'கூடப்பிறந்த பிறப்புகூட இந்த மாதிரி செய்யாது' என்கிறார் ஒரு வாடிக்கையாளர்."

அந்த வாடிக்கையாளரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, ஊரே பேசிக்கொண்டிருந்தது. அன்னபாக்கியம், வயது முப்பத்தாறு. ஊருக்கு மேற்கே சொந்த வீட்டின் பின்கட்டில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் வைத்திருந்தாள். கணவன் திருப்பூரில் வேலை. ஆயிரத்து நானூறு முட்டைகள், பத்தொன்பதாவது நாள். இன்னும் இரண்டு நாளில் பொரிந்திருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுப்போய், வெப்பம் ஏறிக்கொண்டே போய்விட்டது.

மூன்று நாள் கழித்து ஜெபராணி போனபோது பின்கட்டில் முட்டைத் தட்டுகள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒரு மூலையில் அட்டைப்பெட்டிக்குள் மஞ்சளும் பழுப்புமாகக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"நூத்தி அறுபது தப்பிச்சுதுக்கா," என்றாள் அன்னபாக்கியம். "மத்ததெல்லாம் உள்ளயே வெந்துபோச்சு. உடைச்சுப் பாக்கவே முடியல. மூக்கு வரைக்கும் உருவாயிருந்துச்சு."

"நீ வீட்டுல இல்லையா?"

"சாத்தூர்ல தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. காலைல ஆறு மணிக்கே போயிட்டேன். திரும்பி வந்து பாக்கேன், பூட்டு உடைஞ்சு கெடக்கு. அண்ணாச்சி தரையில உக்காந்து முட்டையை ஒவ்வொண்ணாக் காதுல வச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. கையெல்லாம் ஹீட்டர் கம்பி பட்டுக் கொப்பளிச்சுக் கெடக்கு. என்னையப் பாத்ததும் அழுதுட்டாருக்கா. என் முட்டைக்கு அவரு அழுதாரு."

"அவரை நீ கூப்பிட்டியா?"

"இல்லையே. அந்தப் பக்கமா வந்தாராம். என்னமோ மனசுல பட்டுச்சாம்."

ஜெபராணி பெட்டியிலிருந்த குஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வியாழக்கிழமை காலைப் பட்டியலை அனுப்பியது அவள்தான். அந்தத் தெரு அதில் இல்லை. வீட்டில் ஆளே இல்லாதபோது பதற்றமாக யார் கேட்டிருக்க முடியும்?

"இந்த மிஷினை யாரு சர்வீஸ் பண்ணது?"

"அவருதான். பத்து நாளைக்கு முன்னாடி."

கனகவேலின் கடையில் அப்போது கூட்டம் நிரம்பி வழிந்தது. ஜெபராணியைப் பார்த்ததும் அவர் கல்லாவை மகளிடம் விட்டுவிட்டுப் பின்னறைக்கு நடந்தார். இரண்டு கைகளிலும் கட்டு. உள்ளே போனதும் முதல் காரியமாகக் காதிலிருந்த மணியைக் கழற்றி மோட்டார் பெட்டிகளுக்கு அந்தப்புறம் வைத்தார். அவளும் கழற்றும்வரை நின்றார்.

"பழைய தெர்மோஸ்டாட்டைப் போட்டீங்களா அண்ணாச்சி?"

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார்.

"நின்னுபோகும்னுதான் போட்டேன். சூடு நின்னா முட்டை ரெண்டு மணி நேரம் தாங்கும். எட்டு மணிக்குப் போய்ச் சரிபண்ணிக் குடுத்துட்டு வந்துரலாம்னு ஒரு டைமரும் வச்சேன். அந்தச் சனியன் நிக்கல. அப்படியே ஒட்டிக்கிச்சு. சன்னல் வழியாப் பாத்தா நாப்பத்தி மூணு டிகிரி காட்டுது. வீடு பூட்டியிருக்கு."

"எத்தனை வீட்டுல இப்படி?"

"இதான் மொதல். சத்தியமா இதான் மொதல்." கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கிடல, அவங்களும் கேட்டுக்கிடல."

"ஏன் அண்ணாச்சி?"

"நீ சொன்னதைத்தான செஞ்சேன்?"

"நான் அதைச் சொல்லல."

"நீ நெனச்சது வேறயா இருக்கலாம் தாயி. ஆனா அன்னைக்கு அத்தனை பேரும் தலையாட்டினோம்லா. ஒருத்தராவது, 'எப்படி முன்கூட்டித் தெரியும்'னு கேட்டோமா? நீயும் ஏன் யாரும் கேக்கலன்னு யோசிச்சியா?"

உண்மையில் அன்றைக்கு, யாரும் குறுக்குக் கேள்வி கேட்காமல் கூட்டம் முடிந்ததில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு நஷ்டம் முழுசையும் நான் குடுத்துருதேன்," என்றார் கனகவேல். "வெளிய மட்டும் விட்ராத. என் கடை போனாப் போகட்டும். நாப்பத்தி ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே பேரை வாங்கிக் குடுத்தவ நீ. அந்தப் பேரு ஒடைஞ்சா எல்லாருக்கும் ஒடையும்."

அவர் சொன்னது சரிதான். ஜெபராணி மணியை எடுத்துக் காதில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சகலத்திலிருந்து அழைப்பு வந்தது. வட்டார மேலாளர் ஆதவன் பார்க்க விரும்புகிறாராம். நான்காவது மாடியில் அவருடைய அறை. முப்பது வயதுகூட இருக்காது. மேசைமேல் ஒரு சின்ன மரப்பெட்டி வைத்திருந்தார். இருவரின் மணிகளையும் அதில் போட்டு மூடியபிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"அந்த முட்டை விஷயம் பிரமாதம் மேடம். எங்க ஹெட் ஆபீஸ்லயே பேசிக்கிட்டாங்க. தனி ஆளா உட்கார்ந்து இதைக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"எதைக் கண்டுபிடிச்சேன்?"

அவர் சிரித்தார். "நம்ம ரெண்டு பேர்தானே இருக்கோம். கஷ்டத்தைத் தேடிப் போறதைவிட, எப்ப வரும்னு நாமளே வச்சுக்கறது. என்ன ஒண்ணு, உங்க ஆளுங்க அதைக் கையால செய்றாங்க, அதான் சொதப்புது. எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்ல. மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் நாங்களே செஞ்சு விக்கிறோம். எந்த வீட்டுச் சாமான் எந்த நாள் நிக்கணும்னு விக்கும்போதே உள்ள வச்சிடறோம். வேன் எப்படி அவ்ளோ சீக்கிரம் வருதுன்னு நினைச்சீங்க? தெரு முனையில அரை மணி நேரம் முன்னாடியே நிக்கும்."

ஜெபராணியின் பார்வை மூடியிருந்த மரப்பெட்டிமேல் போனது.

"யாருக்கும் பெரிய நஷ்டம் கிடையாது," என்றார் ஆதவன். "சின்ன பயம், பெரிய நிம்மதி. ஜனங்க சந்தோஷமாத்தான் இருக்காங்க. தென் மாவட்டம் முழுசுக்கும் இந்த வேலைய நீங்க பாத்துக்கணும்னு விரும்பறோம்."

இதே வார்த்தைகளைத் தானே ஒரு நாள் சொல்லியிருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம்கூட வரவில்லை. பாராட்டு வாங்கினதுதான் உறுத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியிலிருந்து மணியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

நேரே கனகவேலின் கடைக்குப் போனாள். "அன்னத்தைப் பாக்கப் போறேன். வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

அன்னபாக்கியம் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அண்ணாச்சி, கை எப்படி இருக்கு?" என்று எழுந்து வந்தாள்.

"அன்னம், உட்காரு," என்றாள் ஜெபராணி. "ஒரு விஷயம் சொல்லணும். சொன்னா உனக்கு எங்களைப் பிடிக்காமப் போகும். காதுல மணி இருக்கு. கழட்டிட்டுக் கேக்கிறியா, மாட்டிக்கிட்டே கேக்கிறியா, அது உன் இஷ்டம். நான் கழட்டல."

"எதுக்குக் கழட்டணும்?" என்றாள் அன்னபாக்கியம். "நல்லது சொன்னப்போ மாட்டியிருந்தேன்ல?"

ஜெபராணி சொன்னாள். பட்டியலிலிருந்து ஆரம்பித்து, கூட்டத்தில் தான் விட்ட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி, நான்காவது மாடியில் கேட்டதுவரை சொன்னாள். தெர்மோஸ்டாட் இடத்துக்கு வந்தபோது கனகவேல், "அதை நான் சொல்லுதேன்," என்று குறுக்கிட்டுத் தானே சொன்னார். எதையும் குறைக்கவில்லை. அவர் குரல் ஓரிடத்தில்கூட இறுகவில்லை.

அன்னபாக்கியம் காலடியில் வந்த ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, பெட்டிக்குள் விட்டாள்.

"முட்டை போனதுகூடப் பெருசில்ல," என்றாள் கடைசியில். "அன்னைக்குப் பூரா நான் உங்களைப் பத்தி எத்தனை பேர்கிட்டச் சொன்னேன் தெரியுமா அண்ணாச்சி? எங்கப்பா செத்தப்ப வராத அழுகை வந்துச்சு. மனுசங்க இருக்காங்கன்னு நெனச்சேன். இனிமே யாராவது உண்மையாவே ஒத்தாசை செஞ்சாலும், நான் அவங்க முகத்தைப் பாத்துச் சந்தேகப்படுவேன்ல? அதுக்கு நீங்க என்ன குடுப்பீங்க?"

கனகவேல் தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றாள்.

அன்று சாயங்காலமே கடைவீதியின் எண் சரிந்தது. நாற்பத்து மூன்று பேரில் முப்பது பேர் ஜெபராணியோடு பேச்சை நிறுத்தினார்கள். நல்லதம்பி தெருவில் நிறுத்தி வைத்து ஏசினார். "உன்னால சகலத்துக்காரன் ஜெயிச்சுட்டான்," என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாளே சகலத்தின் எண்ணும் இறங்கத் தொடங்கியது. அவளிடம் சாட்சி எதுவும் இல்லை. மணிக்கு அவள் சொன்னது மெய்யா என்று தெரியாது, அவள் மெய்யென்று நம்பிச் சொன்னாள் என்பது மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது. கேள்விப்பட்டவர்கள் தெரு முனையைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். நீல வேன் வந்து நின்றால், எந்த வீட்டில் என்ன நிற்கப்போகிறதோ என்று பேசிக்கொண்டார்கள். சொன்னபடியே ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒன்று நின்றது. ஒரு தெருவில் பெண்கள் நான்கு பேர் போய் வேன்கார இளைஞர்களிடம், "இன்னைக்கு யாரு வீட்டு மிக்ஸி தம்பி?" என்று கேட்டார்கள். அவர்கள் சிரித்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேனைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கனகவேல் தன் கடை வாசலில் உட்கார்ந்து, வந்து கேட்டவர்களுக்கெல்லாம், ஆமாம் நான்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் அப்படிச் சொன்னார். பிறகு கடையை மகள் பெயருக்கு மாற்றிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அந்த வருடத்துக்குள் கடைவீதியில் ஒன்பது கடைகள் மூடின. சகலம் முன்பக்கப் பலகையை இறக்கிவிட்டு வேறு பெயர் மாட்டிக்கொண்டது. மேலாளரும் வேறு ஆள்.

பலகை மாறிய அந்த வாரத்தில்தான் ஜெபராணி அலுவலக அறையைக் காலி செய்தாள். திரைகளை இறக்கிக் கட்டிவிட்டு, பேருந்து நிலையம் எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஓர் ஆள், வெளியூர்க்காரர் போலிருந்தது, தனக்குள் பேசுவதுபோல், "இங்க மிக்ஸி பிளேடு எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். அவருடைய மணி சொன்ன பதில் அவரைத் திகைக்கவைத்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என்னங்க இது," என்றார் அவளைப் பார்த்து. "இந்த ஊருல சொல்லும்படியா ஒரு பேரும் இல்லன்னு சொல்லுது. எங்கயும் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. உங்களுக்குத் தெரியுமா, நல்ல கடையா?"

பதினான்கு வருடம் மற்றவர்கள் வாயில் பெயர்களை வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு பெயரைத் தானே சொல்வதற்கு சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அந்தா, இடது கைப்பக்கம் மூணாவது கடை," என்றாள். "ஒரு பொம்பளப்பிள்ளை உக்காந்திருக்கும். நல்ல கடையான்னு என்னால சொல்ல முடியாது. பாத்து வாங்குங்க."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வீட்டில் சுவிட்சு ஒன்று போயிருந்தது. வாங்க எங்கே போகலாம் என்று மணியிடம் கேட்டாள். சற்றுத் தாமதித்து அது ஒரு பெயரைச் சொன்னது. சகலத்தின் புதுப் பெயர் இல்லை. இடது கைப்பக்கம் மூன்றாவது கடை, கனகவேலின் மகள் கடை.

"'பாத்து வாங்குங்க' என்கிறார் ஒருவர்," என்றது.